நொச்சிக்குப்பம் மீன் அங்காடி: மீன் சமைக்கப் பயப்படுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம்

"கொயம்புக்கா, வறுக்கவா?"

நொச்சிக்குப்பத்தில் எந்த அக்கா கடை முன்னால் நின்றாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான், மீன் குழம்புக்கா வறுக்கவா என்று, விலையெல்லாம் அப்புறம். போன வருஷம் முதல் தடவை போனபோது எனக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் நாமக்கல் பக்கம். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் நாட்டுக்கோழி, இல்லாவிட்டால் வெள்ளாடு. எப்போதாவது அப்பா ஏரி ஜிலேபியோ கெண்டையோ வாங்கி வருவார், அதையும் பெரியம்மாதான் வந்து கழுவிக் குழம்பு வைத்துவிட்டுப் போவார், அம்மா அந்தப் பக்கமே வர மாட்டார். அப்படி வளர்ந்த நான் தூத்துக்குடிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு மயிலாப்பூரில் குடித்தனம் வந்தேன். அவருக்கு மீன் இல்லாத வாரம் வாரமே இல்லை. மகளுக்கு நான்கு வயது, அவளும் அப்பா மாதிரிதான்.

எனக்கிருந்த பயம் என்னவென்று சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே பயம் உள்ளவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ருசி வருமா வராதா என்பது பெரிய கவலை இல்லை. பழைய மீனை ஏமாந்து வாங்கி வீட்டில் எல்லாருக்கும் வயிறு கெட்டுவிடுமோ, குழந்தை தொண்டையில் முள் சிக்கிவிடுமோ, மீன் உடைந்து குழம்பு கூழாகிவிடுமோ, வீடெல்லாம் கவிச்சி அடிக்குமோ, இவைதான். கல்யாணமான புதிதில் போனில் ஆர்டர் செய்து வாங்கிப் பார்த்தேன், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அட்டைப்பெட்டியில் அழகாக இறால் வந்தது. தலைப்பக்கம் கறுத்துப்போய், பிரித்ததுமே மூக்கில் குத்துகிற ஒரு நெடி. அப்போது எனக்கு இறால் வாசனையே இப்படித்தான் போல என்று தோன்றியது. நிறைய இஞ்சி பூண்டு போட்டுச் சமைத்தேன், யாருக்கும் இரண்டாவது வாய் இறங்கவில்லை, என் கைப்பக்குவம் சரியில்லை என்று நினைத்து ஆறு மாதம் மீன் பக்கமே போகவில்லை. நொச்சிக்குப்பம் போன பிறகுதான் தெரிந்தது, கோளாறு என் கையில் இல்லை, அந்த இறாலில் இருந்தது என்று. மீன் மட்டும் புதிதாகக் கிடைத்துவிட்டால் சமைப்பது கோழிக்குழம்பை விடச் சுலபம். இதை யாராவது முதலிலேயே எனக்குச் சொல்லியிருக்கலாம்.

சரி, இடத்தைப் பற்றி. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் போகிற லூப் ரோட்டில் இருக்கிறது. முன்பெல்லாம் ரோட்டோரமாகவே பலகையும் தார்ப்பாயும் போட்டு விற்பார்கள். 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, மாநகராட்சி கடைகளை அகற்றி, மீனவர்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடியதெல்லாம் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2024 ஆகஸ்டில் இந்தப் புது அங்காடியைத் திறந்தார்கள். கூரை போட்ட பெரிய கூடம், வரிசையாக முந்நூறு கடைகளுக்கு மேல், மீன் வைக்க மேடை. விற்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டு ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள், கரைக்கு வந்த மீன் இவர்கள் கைக்கு வருகிறது, தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையிலேயே இருக்கிற குடும்பங்கள். அந்த இடத்தில் விற்கும் உரிமைக்கு அவர்கள் சண்டை போட்டது ரொம்ப நியாயம் என்பது என் கருத்து. கடலுக்கும் கடைக்கும் நடுவில் அந்த ரோடு மட்டும்தான் இருக்கிறது, அந்தத் தூரம்தான் அங்கே கிடைக்கிற மீனின் தரம்.

வடசென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. காசிமேட்டில் பெரிய விசைப்படகுகள், பல நாள் கடலில் தங்கி ஐஸில் போட்டுக் கொண்டு வருகிற மீனும் அங்கே நிறைய வரும், மொத்த வியாபாரம், ஏலம், ஒரே ஓட்டம். முதல் தடவை மீன் வாங்குகிறவர்களுக்கு அந்த வேகத்தில் நின்று கேள்வி கேட்கவே தைரியம் வராது. நொச்சிக்குப்பத்தில் ஃபைபர் படகுகள். ராத்திரியோ விடியற்காலையோ போய்க் காலையில் திரும்பிவிடுகிற படகுகள். ஏழு ஏழரை மணிக்குப் போனால் வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டிருப்பதையே பார்க்கலாம். ஆனால் பெரிய ரகங்கள் எல்லாம் இந்தக் கரையில் பிடித்தவை என்று நினைக்க வேண்டாம், வெளியிலிருந்தும் வாங்கி வைத்து விற்பார்கள், கேட்டால் சொல்வார்கள். கேளுங்கள்.

நான் வழக்கமாக வாங்குகிற அக்காவிடம் முதல் நாள் "எனக்கு மீன் பார்க்கத் தெரியாது அக்கா" என்று நேராகவே சொல்லிவிட்டேன். இப்படிச் சொன்னால் ஏமாற்றுவார்கள் என்று பலர் பயமுறுத்தியிருந்தார்கள். அவர் ஒரு சங்கராவை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பீட்ரூட்டை அப்போதுதான் நறுக்கின மாதிரி சிவப்பு. "செவுள் செவப்பா இருக்கா, கண்ணு தூக்கலா முழிச்சிக்கினு இருக்கா, அமுக்குனா குழி விழாம எழும்புதா, பாத்துக்கோமா" என்று என் விரலைப் பிடித்தே மீன் மேல் வைத்து அழுத்தவிட்டார். அமுங்கிய இடம் உடனே மேலே வந்தது. அப்புறம் முகரச் சொன்னார். கடல் வாசனைதான், கவிச்சி இல்லை. செவுள் பழுப்பாகி, கண் உள்ளே போய் வெள்ளை படர்ந்திருந்தால் வாங்காதே என்றார். இறாலுக்கு வேறு கணக்கு: தலை உடம்போடு இறுக்கமாக நிற்க வேண்டும், ஓடு பளபளவென்று இருக்க வேண்டும், தலை தொங்கினாலும் கறுத்திருந்தாலும் விட்டுவிட வேண்டும். ஐந்து நிமிஷப் பாடம். எத்தனையோ வீடியோ பார்த்து வராத தெளிவு அதில் வந்தது, ஏனென்றால் கையில் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்து வெட்டுகிற இடம். வாங்கின மீனை அங்கேயே சுத்தம் செய்து வெட்டித் தர ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குத் தனிக் காசு, நான் கிலோவுக்கு நாற்பது ரூபாய் கொடுக்கிறேன். அருவாமனையைக் காலுக்கடியில் பிடித்துக்கொண்டு, மீனை ஒரு பக்கம் தேய்த்தால் செதில் பறக்கிறது, துடுப்பு போகிறது, வயிற்றைக் கீறிக் குடல் வெளியே, செவுள் வெளியே, எண்ணி இரண்டு நிமிஷம்தான். "கொயம்புக்கா வறுக்கவா" என்ற கேள்விக்கு அர்த்தம் இங்கேதான் புரிகிறது. குழம்புக்கு என்றால் கனமாக வெட்டுவார்கள், தலையையும் பிளந்து போடுவார்கள், வறுவலுக்கு என்றால் மெல்லிசாக, முழு மீன் என்றால் இரண்டு பக்கமும் கீறல் போட்டு. சமையலில் நான் பயந்ததில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து கல் உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு மூன்று தண்ணீர் கழுவினால் போதும்.

இப்போது எந்த மீனில் தொடங்குவது என்பதைச் சொல்கிறேன். எல்லாரும் வஞ்சிரத்தில் தொடங்கச் சொல்வார்கள். என் அனுபவத்தில் நெத்திலிதான் முதல் மீன். விலை குறைவு, போன மாதம் கிலோ 250க்கு வாங்கினேன், சொதப்பினாலும் பெரிய நஷ்டம் இல்லை. முள்ளோடு மொறுமொறுவென்று தின்றுவிடலாம், உடைந்துவிடுமே என்ற கவலையும் கிடையாது. சுத்தம் செய்வதை மட்டும் நீங்களே செய்து பழகுங்கள், ஒருமுறை செய்தால் கை கூச்சம் போய்விடும். தலையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து லேசாகக் கிள்ளி இழுத்தால், குடல் நூல் மாதிரி கூடவே வந்துவிடும். கத்தி வேண்டாம். அரை கிலோவுக்கு இருபது நிமிஷம் ஆகும். அப்புறம் தண்ணீர் தெளிகிற வரை அலசி, நன்றாக வடியவிட்டு, இரண்டு டீஸ்பூன் மிளகாய்த்தூள், அரை ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, உப்பு, அரை மூடி எலுமிச்சை, இரண்டு டீஸ்பூன் அரிசி மாவு போட்டுப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். எண்ணெய் நன்றாகக் காய வேண்டும், ஒரு நெத்திலியைப் போட்டால் சட்டென்று நுரைத்து மேலே வர வேண்டும். ஒரு கைப்பிடி மட்டும் போட்டு ஒரு நிமிஷம் கரண்டி வைக்காமல் விடுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள், முதலில் சடசடவென்று பெரிய சத்தம், மீனில் உள்ள தண்ணீர் போகப் போகச் சத்தம் அடங்கும், அடங்கியதும் எடுத்துவிடலாம். நிறத்தைப் பார்த்துக் குழம்புவதைவிட இந்தச் சத்தம் எனக்கு நம்பிக்கையான அடையாளமாக இருக்கிறது. கடைசிக் கைப்பிடியோடு கறிவேப்பிலையையும் போட்டுப் பொரித்துவிடுங்கள்.

இரண்டாவது, இறால் தொக்கு. நடுத்தர இறால் கிலோ 450 கொடுத்தேன், உரித்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நிற்கும், அதற்கேற்ற மாதிரி வாங்குங்கள். முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுத்தீர்களா என்று கடையிலேயே பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள், விட்டுப்போயிருந்தால் வீட்டில் பல்குத்தும் குச்சியால் நெம்பினாலே வந்துவிடும். நாங்கள் ஆட்டுக்கறி ஆட்கள் செய்கிற பெரிய தப்பு வேகவிட்டுக்கொண்டே இருப்பது. நான் முதலில் இருபது நிமிஷம் மூடி போட்டு வைத்திருந்தேன். ஆட்டுக்கறியில் தசையைக் கட்டி வைத்திருக்கிற சவ்வு இளக நேரம் வேண்டும், மீனிலும் இறாலிலும் அது ரொம்பக் குறைவு, அதனால் சூடு ஏறியதுமே வெந்துவிடுகிறது. ஆகவே தொக்கை முழுசாக முடித்துவிடுங்கள், நல்லெண்ணெயில் சோம்பு, சின்ன வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், எண்ணெய் பிரிந்து வருகிற வரை. இறால் கடைசியில்தான், நான்கைந்து நிமிஷம். பிறை மாதிரி வளைந்து வெளுத்துச் சிவந்தால் வெந்துவிட்டது, வளையம் மாதிரி சுருண்டுவிட்டால் ரப்பர். கடம்பாவும், அதாவது கணவாயும், இப்படித்தான், இரண்டு மூன்று நிமிஷத்தில் எடுக்கிறவர்கள் மட்டும் வாங்குங்கள்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது சுறா புட்டு. பெயரைக் கேட்டால் பெரிய சமையல்காரர்கள் செய்வது மாதிரி இருக்கும். ஆனால் மீன் உடைந்துவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதார்த்தம் கிடையாது, இதில் மீனை நாமே உதிர்க்க வேண்டும். சுறாவுக்கு முள்ளே இல்லை, குருத்தெலும்புதான், அதனால் என் மகளுக்கு நான் பயமில்லாமல் கொடுத்த முதல் மீனும் இதுதான். சின்னப் பால்சுறாவாகக் கேட்டு அரை கிலோ துண்டு போட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கவனியுங்கள், சுறா அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். சுறாவின் சதையில் யூரியா இருக்கிறது, நாளானால் அது அம்மோனியாவாக மாறிக் கழிவறை நெடி அடிக்கும், எந்த மசாலாவும் அதை மறைக்காது. மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவைத்து, ஆறியதும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கிற தோலை உரித்துவிடலாம், தானாகவே கழன்று வரும். நடுக் குருத்தை எடுத்துவிட்டுச் சதையைக் கையால் உதிர்த்து, தண்ணீரை நன்றாகப் பிழிந்துவிடுங்கள். பிழியாவிட்டால் புட்டு சொதசொதவென்று ஆகிவிடும், எனக்கு ஒருமுறை ஆனது. அப்புறம் கடுகு, கறிவேப்பிலை, பூண்டு, பச்சை மிளகாய், கை நிறையச் சின்ன வெங்காயம் வதக்கி, மிளகாய்த்தூளும் மிளகுத்தூளும் போட்டு, உதிர்த்த சுறாவைச் சேர்த்துச் சின்னத் தீயில் கிளறுங்கள், உதிரி உதிரியாக வருகிற வரை. ரசம் சாதத்துக்கு இதைத் தொட்டுக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம்.

இதெல்லாம் கைவந்த பிறகுதான் குழம்புக்குப் போனேன், சங்கரா வாங்கி. அந்த அக்கா சொன்ன பக்குவமும் தூத்துக்குடியிலிருந்து அத்தை போனில் சொன்ன பக்குவமும் வேறு வேறு. அக்காவுக்குத் தேங்காயே கிடையாது, புளியும் குழம்பு மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும்தான். அத்தைக்குத் தேங்காய் அரைத்து ஊற்றாவிட்டால் அது குழம்பே இல்லை. புதிதாகச் செய்கிறவர்களுக்கு அக்காவின் வழிதான் சுலபம். எலுமிச்சை அளவு புளி, சின்ன வெங்காயம், பூண்டு, இரண்டு தக்காளி, வெந்தயம் தாளித்து, மூன்று டேபிள்ஸ்பூன் குழம்புத்தூள் போட்டு, புளியின் பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கிற வரை, ஒரு இருபது நிமிஷம் மீனில்லாமலே கொதிக்கட்டும். அதன் பிறகு மீன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "மீன் போட்ட பிறகு கரண்டி போடக் கூடாதும்மா." கிளற வேண்டும் என்று தோன்றினால் துணியால் சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால் போதும். எட்டு நிமிஷத்தில் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள், மிச்சச் சூட்டில் பதமாகிவிடும். கோடையில் மாங்காய் இரண்டு துண்டு போடுங்கள். மண்சட்டியில் வைத்தால் மறுநாள் காலை இட்லிக்கு இன்னும் நன்றாக இருக்கும், எங்கள் வீட்டில் அந்த மறுநாள் குழம்புக்குத்தான் போட்டி.

வஞ்சிரம் வறுவலைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, விலை அதிகம், கிலோ ஆயிரத்தைத் தொடும், பெரும்பாலும் நடு முள்தான் என்பதால் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சுலபம். கல்லில் ஒட்டுவதுதான் எல்லாருடைய புகாரும். மீனில் ஈரம் இல்லாமல் துடைத்து, கல்லும் எண்ணெயும் காய்ந்த பிறகு வைத்து, மூன்று நான்கு நிமிஷம் தொடாமல் இருந்தால் மீன் தானாகவே கல்லை விட்டுவிடும். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் திருப்புகிற நேரம் வரவில்லை என்று அர்த்தம். மத்தி, காரப்பொடி மீன் இரண்டும் ருசியில் யாருக்கும் சளைத்தவை இல்லை, ஆனால் பொடி முள் அதிகம், சின்னக் குழந்தை உள்ள வீட்டில் முள் எடுக்கப் பழகிய பிறகு வாங்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மேல் கூட்டம் நெரியும், அக்காக்களுக்கு நின்று பேச நேரம் இருக்காது, கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் புதன் வியாழன் காலையில் போங்கள். சின்ன மீன்களைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள், ஒரு கூறு இவ்வளவு என்று, எடை கேட்டால் போட்டும் தருவார்கள். பேரம் பேசலாம், ஆனால் அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள், அந்த மீனுக்குப் பின்னால் ஒரு ராத்திரி முழுக்கக் கடல் இருக்கிறது. மூடி போட்ட டப்பா ஒன்று எடுத்துப் போங்கள். அடையாறு, மந்தைவெளி என்றால் பரவாயில்லை, தாம்பரம் ஆவடி மாதிரி தூரம் போகிறவர்கள் ஐஸ் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகிவிடும், அப்புறம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். வண்டி டிக்கியில் மீனை வைத்துவிட்டு வழியில் காபி குடிக்கப் போகாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான், ஃபைபர் படகுகள் போகும், அதனால் மற்ற இடங்களில் ஐஸ் மீன் ஓடுகிற அந்த நேரத்திலும் இங்கே நெத்திலி, சங்கரா, கிழங்கான் புதிதாகவே கிடைத்தது. விலை மட்டும் ஏறியிருந்தது, நெத்திலியே கிலோ 350 கொடுத்தேன். அந்த ரெண்டு மாதத்தில் போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள், எட்டரைக்கெல்லாம் நல்ல கூறுகள் தீர்ந்துவிடுகின்றன.